நான் திருப்பிக் கொடுக்காத நூல்

என் பழைய வேதியியல் நோட்டுக்குள் ஒரு பட்டு நூல் இருக்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், கத்திரிப்பூ நிறம். நடுவில், முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் ஒரு நெளிவு. நாற்பது வருடங்களுக்கு மேலாக நோட்டின் கனத்தில் அழுந்திக் கிடந்தும் அந்த நெளிவு நிமிரவில்லை. போன வாரம் பரணை ஒழித்தபோது நோட்டு கையில் அகப்பட்டது. நூலைத் தொட்டுப் பார்த்தேன். உடனே எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டேன். ஏன் கழுவினேன் என்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். மூன்று வருடத்துக்கு ஓர் ஊர் என்று எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியின் முறை வந்தது. நான் அப்போது பிளஸ் ஒன். அந்த வயதில் மற்றப் பெண்களுக்கு என்னென்ன பைத்தியமோ, எனக்கு வேதியியல் பைத்தியம். பள்ளியில் ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. அதன் பீரோ திறந்து நான் பார்த்ததில்லை. ஆகவே தெருப்பக்கத்து அறையில், என் கட்டிலுக்கு அடியில், நானே ஓர் ஆய்வகம் வைத்துக்கொண்டேன். பியூஸ் போன பல்பின் பூணை மெல்ல நோண்டி எடுத்துவிட்டால் நல்ல குடுவை. மசிப்புட்டியில் திரி போட்டால் விளக்கு. விளிம்பு உடைந்த சோதனைக் குழாய்களை ஒரு டாக்டரின் கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கினேன். துத்தம், படிகாரம், நவச்சாரம், அன்னபேதி முதலான உப்புகள் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தன. வயிற்றுக்கு மருந்து என்று நினைத்து ஒன்றும் கேட்காமல் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆசிட்டுக்குத்தான் வழியில்லை. பட்டு நெய்கிற ஊரில் அது சாயக்கடையில்தான் கிடைக்கும்.

அந்தக் கடைக்குள் பகலிலும் இருட்டு. காற்றில் சாயப்பொடி கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். வியர்வையோடு உள்ளே நின்றுவிட்டு வந்தால் கழுத்தில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள் தோன்றும். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பத்து விரல் நகங்களும் பத்து நிறம். கண்ணின் கீழ் இமையில்கூட ஒரு நீலக்கோடு ஓடியது. மாமாவின் சாயப் பட்டறைக்கு வேண்டும் என்று நான் தயார் செய்துகொண்டு போன பொய்யைச் சொன்னேன். அவர் என் கைகளைப் பார்த்தார்.

"பட்டறைக்கார ஊட்டுக் கை இம்மாம் வெள்ளையா இருக்காது பாப்பா. இன்னாத்துக்குன்னு நெசத்த சொல்லு."

"படிப்புக்குங்க. உப்பு செஞ்சு பாக்கறதுக்கு."

எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு சின்னப் புட்டியில் பாதிக்கு ஊற்றி, தக்கையையும் கழுத்தையும் சேர்த்து ஒரு கத்திரிப்பூ நிறப் பட்டு நூலால் சுற்றி, அறுந்த இழையை இணைக்க நெசவாளர்கள் போடுவார்களே, அந்தப் பொடி முடிச்சைப் போட்டார். "அறுக்கக் கூடாது. பொறுமையா அவுத்து, நூல முழுசா எடுத்துகினு வரணும். நூல் வந்தாத்தான் அடுத்த பாட்டில்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஒரு நிறப் பொட்டு, ஆணியில் அதே நிறத்தில் ஒரு நூல். வீட்டு உபயோகத்துக்கு ஆசிட் வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிறம். என் ஆணிக்குக் கத்திரிப்பூ. மஞ்சள் பொட்டு வைத்த ஓர் ஆணியில் மட்டும் நூல் இல்லை, கொஞ்சம் மல்லிகைப்பூ செருகியிருந்தது. ஏதோ சாமி சமாசாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நூலைக் கத்தரிக்கோலால் அறுத்தேன். பதினாறு வயதுக்கு எங்கே பொறுமை? அடுத்த முறை இரண்டு துண்டுகளோடு போனபோது அவர் துண்டுகளை வாங்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டுவிட்டு வேறு ஆளுக்கு நிறுக்கப் போய்விட்டார். மூன்று முறை நடையாய் நடந்த பிறகுதான் புது நூலில் ஒரு புட்டி கிடைத்தது. அப்புறம் நான் அறுக்கவே இல்லை. ஊசிமுனையால் கிளறிக் கிளறி அவிழ்க்கக் கால்மணி நேரமாவது ஆகும். என்ன கோபத்தில் உட்கார்ந்தாலும் முடிச்சு அவிழும்போது கோபம் இருக்காது. அதைக் கவனித்தேனே தவிர, அதற்காகத்தான் அவர் முடிச்சே போடுகிறார் என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவரைத் தெருவில் பார்க்க ஆரம்பித்தேன். விளக்கு வைக்கும் நேரம். எதிர்ச் சுவரோரம், கரண்டுக் கம்பத்துக்கு அருகில் வந்து நிற்பார். என் ஜன்னலையே பார்ப்பார். கை காட்ட மாட்டார், சிரிக்க மாட்டார், பீடிகூடப் பற்றவைக்க மாட்டார். நான் ஜன்னலில் தெரிந்ததும் திரும்பி நடந்துவிடுவார். நான் தெரியாவிட்டால் தெரிகிற வரைக்கும் நிற்பார். முதல் நாள் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். மறுநாள் கடையில் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, "இன்னா வோணும் பாப்பா?" என்றார். அது இன்னும் பயமாக இருந்தது.

வேறொரு பெண்ணாக இருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பாள். நான் நோட்டில் எழுதினேன். சலவைச் சோடா வாங்கிய நாள், வரவில்லை. சிலிகேட் வாங்கிய நாள், வரவில்லை. ஆசிட் வாங்கிய நாள், வந்தார். நூலைத் திருப்பிக் கொடுத்த நாள், வரவில்லை. ஒரு மாதத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன்: நூல் என்னிடம் இருக்கும் வரை அந்த ஆள் வருவார். அதைச் சரிபார்க்க வேண்டுமென்று ஒரு முறை நூலை வேண்டுமென்றே ஆறு நாள் வைத்துக்கொண்டேன். ஆறு நாளும் வந்தார். ஐந்தாம் நாள் மழை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார், அவருடைய கைகளிலிருந்து நிறம் நிறமாகத் தண்ணீர் சொட்டியது. நான் விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கு வழியாக அவர் எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போய் எனக்கு அது ஒரு விளையாட்டாகியிருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம் தெள்ளாரில் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆசிட் வாங்கி, நூலை அவிழ்த்து நோட்டுக்குள் வைத்தேன். திரும்பி வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கிளம்பும் அன்று காலை ஊறுகாய்ப் புட்டி ஒன்றில் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிலிகேட் கரைசலை ஊற்றி, துத்தத்தையும் அன்னபேதியையும் துண்டு துண்டாகப் போட்டு ஜன்னலில் வைத்தேன். போட்ட கொஞ்ச நேரத்தில் நீலமும் பச்சையுமாகக் காம்புகள் கிளம்பி, செடி மாதிரியே வளரும். உயிரில்லாத செடி. நாலு நாளைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டோம்.

நாலாம் நாள் சாயங்காலம் திரும்பியபோது வாசலில் கூட்டம். பூட்டு உடைந்து கிடந்தது. சாயக்கடைக்காரரை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் ஓடி வந்தாள். "மூணு நாளா வந்து வந்து நின்னுகினு இருந்தாருங்க. கல்யாணத்துக்குப் போயிருக்காங்கன்னு நானே சொன்னேன். 'அப்பிடித்தான் சொல்லுவாங்க, அப்பிடித்தான் சொல்லுவாங்க'ன்றாரு. இன்னிக்கி கல்ல எடுத்துப் பூட்ட ஒடச்சிட்டாரு. கெணத்துல எட்டி எட்டிப் பாக்கறாரு. அப்புறம் ஜன்னலாண்ட அந்த பாட்டிலப் பாத்துகினு, 'செடி வளந்துகினு கீது, புள்ளயக் காணமே'ன்னு ஒரே அழுகை."

அவர் என்னைப் பார்த்தார். பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்ட மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பாப்பா கீது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்பா என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் கேட்டார். "இந்த ஆளு எதுக்கு உன்னத் தேடி வரான்? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஏன் வருகிறார் என்பது தெரியாவிட்டாலும் எப்போது வருகிறார் என்பது என் நோட்டில் தேதி வாரியாக இருந்தது. நூலைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் போதும். காட்டினால் கட்டிலுக்கு அடியில் இருப்பதெல்லாம் வெளியே வரும், என் ஆய்வகம் அன்றோடு போய்விடும். நான் "தெரியாது" என்றேன்.

அப்பா அவரை அறைந்தார். தெருவே பார்த்தது. அவர் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. "பாப்பா இருக்குது இல்ல, போதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்புறம் தெரு பேச ஆரம்பித்தது. அவரைப் பற்றிப் பேசியதைவிட என்னைப் பற்றி அதிகம் பேசினார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கும். நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அதுவும் மிஞ்சவில்லை. என் அறையைப் பெருக்கும்போது அம்மா எல்லாவற்றையும் கண்டுபிடித்து, குப்பைமேட்டில் கொட்டினாள். மூன்றே வாரத்தில் அப்பா யார் யாரையோ பிடித்து வேலூருக்கு மாற்றல் வாங்கிவிட்டார். விடியற்காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினோம். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்கள் வண்டிக்கு வழிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நூல் நோட்டுக்குள்ளேயே இருந்தது.

பிறகு வேதியியலே படித்தேன், கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்தேன். வேண்டியதைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இப்போது பேரன் படிகம் வளர்க்கிற சாமான்களைப் போனிலேயே வாங்குகிறான். கொண்டுவருகிறவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் பெட்டியை நீட்டிவிட்டுப் போகிறார். எதற்கு என்று கேட்க ஆள் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஆரணிப் பக்கம் ஒரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, கால் தானாகக் கடைத்தெருவுக்குப் போயிற்று. கடை இருந்தது. கல்லாவில் அவருடைய மகள், ஐம்பதைத் தொட்டவள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் பலகையையே பார்ப்பதைக் கவனித்து, அவளே சொன்னாள். மஞ்சள் ஆணி ஒரு பெண்ணின் நினைவுக்கு வைத்ததாம். வெகுகாலம் முன்பு இவளுடைய அப்பாவிடம் ஆசிட் வாங்கிப்போய், அன்றைக்கே உயிரை விட்டுவிட்டாள். அவள் வீட்டில் வெளியே சொல்லவில்லை, உறவுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றே சொன்னார்கள். அப்பா அதை நம்பி, நலமாகத்தான் இருக்கிறாள் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம்தான் முடிச்சு, நூல், விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவது எல்லாம்.

மஞ்சளுக்கு நாலு ஆணி தள்ளி இன்னொரு ஆணியும் காலியாக இருந்தது. அதற்கு மேல் கத்திரிப்பூ நிறப் பொட்டு. அதிலும் மல்லிகை.

"அது?" என்று கேட்டேன்.

"அது ஒரு கிளார்க் ஊட்டுப் பொண்ணுங்க. படிக்கிற பொண்ணு. அப்பாவால பேரு கெட்டுப்போயி, அவுரு குடுத்த பாட்டிலயே குடிச்சிடுச்சி. ஊட்ட காலி பண்ணிகினு பூட்டாங்க, வேற ஊர்ல கீறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பாதான் நம்பல. நூல் வரலியே, நூல் வரலியேன்னு சாகற வரிக்கும் சொல்லிகினு இருந்தாரு. ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கெழம பூ வெச்சிடுன்னு எங்கையில சத்தியம் வாங்கிகினுதான் கண்ண மூடுனாரு."

சொல்லியிருக்கலாம். நான்தான் அம்மா அது, இதோ நிற்கிறேன் என்று ஒரே வாக்கியம். உங்கள் அப்பா அத்தனை வருடம் வெந்தது என் ஒரு வார்த்தையால்தான் என்பதையும் கூடவே சொல்ல வேண்டியிருக்கும். நூல் இருந்தாலாவது எடுத்து வந்து நீட்டலாம், அது எங்கே தொலைந்ததோ என்று மனத்துக்குள் ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டேன். அவள் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த சரத்தில் மீதியைக் கிள்ளி, "நீங்க வெச்சிக்குங்க, வாடிப்போவும்" என்று என்னிடம் நீட்டினாள். எனக்கு வைத்த பூவின் மீதியை நானே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அது மணத்தது.

இப்போது நூல் கிடைத்துவிட்டது, அந்தச் சாக்கும் போயிற்று. ஒரு வாரமாகத் தினமும் எடுத்து மேஜைமேல் வைத்து, நெளிவை நகத்தால் நீவிப் பார்க்கிறேன். ஆரணிக்கு மூன்று மணி நேரப் பயணம்தான். கிளம்பவில்லை. அந்த ஆணியில் நூலை மாட்டினால் அவர் செத்தது வீணான துக்கத்தோடு என்பது உறுதியாகிவிடும். மாட்டாவிட்டால் நான் செத்தவளாகவே இருப்பேன். இன்று வெள்ளிக்கிழமை. இந்நேரம் எனக்குப் பூ வைத்திருப்பார்கள்.