கர்சீப் போட்ட கான்சர்ட் டிக்கெட்

இன்று காலை சங்கராபுரத்தில், பஸ் ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு இடம் பிடித்தேன். உட்கார்ந்ததும் போனில் சென்னை கான்சர்ட்டுக்கு டிக்கெட் போட முயன்றேன். மூன்றே நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. உடனே ஆன்லைனில் ஒருவன் அதே டிக்கெட்டை நாலு மடங்கு விலைக்கு விற்கிறான்.

"இன்னாம்மா, போனப் பாத்து திட்டிக்கினு வர?" என்றார் பக்கத்து சீட் அக்கா.

சொன்னேன்.

"கர்சீப் போட்டு சீட்டு புடிக்கறது உக்காரத்தான? அத வித்தா நம்ம பஸ்ல சும்மா வுடுவாங்களா?"

அதை அப்படியே வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் போட்டேன். கள்ளக்குறிச்சியில் இறங்குவதற்குள் முகம் தெரியாத ஒருவரின் பதில்: "என்கிட்ட ஒண்ணு ஜாஸ்தியா இருக்குங்க. ஃபிரண்டு வரலை. வாங்குன விலையே போதும்."

கான்சர்ட்டில் இடம் கிடைத்துவிட்டது. கான்சர்ட் அன்றைக்குச் சென்னை பஸ்ஸில் எனக்குக் கர்சீப் போடப்போவது யார்?