தொப்பையில் உட்கார்ந்த வளையம்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கத்தின் தொப்பையைத்தான் அடையாளம் சொல்வார்கள். கட்டிக்கொண்டு வந்தபோது அது இல்லை. என் கருவாட்டுக் குழம்பு வளர்த்தது. அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான்.

அவருக்கு ஆவடிப் பக்கம் ரயில் பணிமனையில் பிட்டர் வேலை. போன வருஷம் அங்கே ஒரு கிழட்டு நீராவி எஞ்சின் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சரக்கு வண்டி இழுத்ததாம். பிறகு ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் பொம்மையாக நின்றதில், புகைபோக்கிக்குள் காக்காய் கூடு கட்டிவிட்டது. அதைத் திரும்ப ஓட்ட வேண்டுமாம். அன்றிலிருந்து வீட்டில் எஞ்சின் பேச்சுதான். எரிச்சலாக வரும், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வராது.

கொதிகலனுக்குள் கரி எரியும் நெருப்புப் பெட்டியின் தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஆணிகளை எல்லாம் மாற்றியவர் இவர்தான். அப்போது கொதிகலன் தனியாக இருந்ததால் அடிப்பக்கமாக நுழைந்தார். அதை எஞ்சினில் ஏற்றிய பிறகு கரி போடும் வாய் ஒன்றுதான் வழி. பெட்டியைச் சுற்றிலும் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் நாளில், அந்த வாய் வழியாக ஒருவர் உள்ளே போய் ஏதாவது ஆணி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். “நீங்க எங்க நுழையப் போறீங்க? ஒல்லியா வேற ஆளை அனுப்பிக்கலாம்” என்று அதிகாரி சிரித்தாராம்.

அன்று மனிதர் சாப்பிடவில்லை. “அத்தினியும் நான் போட்ட ஆணி, பொன்னி. வேற எவனோ போய்ப் பார்ப்பானா?” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது.

கூட வேலை செய்யும் கஜபதியிடம் சொல்லி, அந்த வாயின் அளவுக்கு ஒரு கம்பி வளையம் வளைத்து எடுத்துவந்தார். “இது வவுத்த தாண்டி எறங்கினா நான் உள்ள பூந்துடுவேன்.” தினமும் காலையில் தலை வழியாக மாட்டுவார். அது தொப்பையில் உட்கார்ந்துகொள்ளும்.

சோற்றைப் பாதியாக்கினேன். அவர் அரை வயிற்றோடு எழுந்திருக்கும்போது நான் மட்டும் வாரிப் போட்டுக்கொள்ள முடியுமா? எனக்கும் பாதிதான். ஆடி மாதம் அம்மன் கூழைக்கூட ஆளுக்கு ஒரு வாயோடு நிறுத்தினோம். முகப்பேர் டாக்டரம்மா எத்தனையோ முறை திட்டியும் குறையாத என் சர்க்கரை இறங்கியது. அதை யார் கவனித்தார்கள்? அவர் இளைத்துக்கொண்டே போனார், வளையம் மட்டும் இறங்கவே இல்லை.

சோதனை நாள் காலையிலும் இறங்கவில்லை. பூசை போடுவதால் குடும்பத்தாரையும் பணிமனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். வளையம் இறங்காமலே இவர் கைகளை நீட்டிக் கரி போடும் வாய்க்குள் தலையை விட்டார். நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆளைக் காணோம், உள்ளே போய்விட்டிருந்தார்!

“ஒண்ணுகூட கசியல!” உள்ளேயிருந்து குரல் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கஜபதியைப் பிடித்தேன். “தம்பி, ஊட்ல கீற வளையம் இத்த விட சின்னதா கீதே?”

“நான் குடுத்தது சரியான அளவு அண்ணி. அண்ணந்தான் அப்பப்ப எடுத்துகினு வந்து இறுக்கிகினு போவாரு.”

வந்ததே கோபம்! கரி போடும் வாயருகே குனிந்தேன். “யோவ், வெளிய வாய்யா! எதுக்குய்யா இந்த ஏமாத்து வேலை?”

உள்ளே டார்ச் வெளிச்சம் அணைந்தது. “கோவம் போனாத்தான் வருவேன்.”

“போயிடுச்சு. சொல்லு.”

“நான் முழு சோறு துன்னா நீயும் துன்னுவே. டாக்டரம்மா சொல்லிக் கேட்டியா நீ? உன் சக்கரை எறங்கட்டும்னுதான் இறுக்கினேன்.”

அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். பிறகு கையை உள்ளே நீட்டினேன். அழுக்குக் கை ஒன்று பிடித்துக்கொண்டது.

“வாய்யா, ஊட்டுக்குப் போலாம். கருவாட்டுக் கொழம்பு வெக்கிறேன்.”

“ரெண்டு பேருக்கும் பாதிதான்” என்றார் உள்ளேயிருந்து.