கெர்னலைக் கவிழ்த்தது நானில்லை

போன ஆவணியில் சேவூரில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எதிர் வரிசையில் என் சித்தப்பா. பாயசம் வந்துகொண்டிருந்தபோது அவர் என்னைக் கையால் காட்டி அந்தப் பையன்களிடம் சொன்னார்:

"இவளை சாதாரணமா நெனச்சிடாதீங்க. பத்தாங்கிளாஸ் முடிச்ச கையோட எங்க வூட்டு கம்ப்யூட்டர் கெர்னலையே கவுத்தவ!"

பந்தியே சிரித்தது. "சூப்பர் ஆன்ட்டி" என்றான் ஒரு பையன். நானும் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் இந்தக் கதையைச் சொல்லி வருகிறார். அவர் சொல்லும்போதெல்லாம் நான் சிரிக்கிறேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச வராவிட்டாலும் எழுத வரும். அதனால் எழுதுகிறேன். கெர்னலைக் கவிழ்த்தது நானில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்போது எங்களோடுதான் இருந்தார். அப்பா பட்டுத்தறி நெய்வார், சித்தப்பா சேலைக் கரைக்கு டிசைன் போடுவார். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தவர், சென்னையில் யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து அதில் லினக்ஸ் போட்டார். எங்கள் தெருவில் அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். ஆனால் அது நகராது. ஒரு மாங்காய்க் கரையைத் திரையில் கொண்டுவருவதற்குள் அம்மா அரிசி களைந்து உலையில் போட்டுவிடுவாள்.

அதே பத்திரிகையில் அதற்கு மருந்தும் சொல்லியிருந்தார்கள். கெர்னல் என்பது டிஸ்க், கீபோர்டு, பிரிண்டர் என்று பெட்டியிலுள்ள எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற அடிப்படை புரோகிராம். சி.டி.யில் வருவது உலகத்திலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாகச் செய்தது. நம் பெட்டிக்கு வேண்டியதை மட்டும் வைத்து நாமே ஒன்று செய்துகொண்டால் இலேசாக ஓடும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு நான் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மே மாதம் அது. "இவளை பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப்ல போட்டுடலாம்ணா. கூட ஒக்காந்து கத்துக்கினு இருக்கா" என்று சித்தப்பா அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா, "பாக்கலாம்" என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. சீட்டே கிடைத்துவிட்டதைப்போலத் திரிந்தேன்.

இங்கிலீஷ் சித்தப்பாவுக்கும் சரியாக வராது, எனக்கும் வராது. அவர் டிக்‌ஷனரி பார்க்க வெட்கப்படுவார். எனக்கு அந்த வெட்கம் இல்லை. அதனால் மர ஸ்டூலைப் போட்டுக் கீபோர்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றார்.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று நூற்றுக்கணக்கில் வரும். வேண்டுமென்றால் 'ஒய்', வேண்டாமென்றால் 'என்', தனியாக எடுத்து வைத்துத் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ள 'எம்'. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் ஒரு ரஃப் நோட்டில் கேள்வியின் பெயர், கொடுத்த பதில், சொன்னது யார் என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாவது பத்திக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின மாதம் பிரிண்டரில் தாள் மாட்டிக் கிழிந்தபோது, "யார் உன்னை அழுத்தச் சொன்னது?" என்று சித்தப்பா கேட்டார். சொன்னது அவர்தான்.

ஹாம் ரேடியோ வேண்டுமா என்று கேட்டது. விளையாடுகிற ஜாய்ஸ்டிக் வேண்டுமா என்று கேட்டது. "இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா பொண்ணு மாப்ள ஜாதகம் கேக்கும் போலக்குது" என்றார் சித்தப்பா. நான் சிரித்துக்கொண்டே 'என்', 'என்' என்று தட்டினேன். இருபது பக்கம் ஆனது. அப்போதுதான் டிஸ்கில் உள்ள ஃபைல்களைப் படிக்கும் முறை பற்றிய கேள்வி வந்தது.

"எம் போடு" என்றார்.

"அதுவே ஒய்னு காட்டுது சித்தப்பா."

"எல்லாத்துக்கும் ஒய் போட்டா எப்டி இலேசா ஓடும்? எம் போட்டா தனியா கெடக்கும், வேணும்னா எடுத்துக்கும். ஜரிகைக் கண்டை எல்லாத்தையும் தறியிலயா தொங்க வுட்டுக்கினு நெய்யறோம்? பொட்டியில இருக்கும், வேணும்போது எடுக்கறோம். அந்த மாதிரி."

நான் கேள்விக்குறியை அழுத்தினேன். அதை அழுத்தினால் விளக்கம் வரும். அதில் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை ஒன்று இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் மண்டையோட்டுக்கு மேலே எழுதியிருப்பார்களே, அந்த வார்த்தைதான்.

"டேஞ்சர்னு போட்டிருக்குது சித்தப்பா."

"அவன் அப்டித்தான் பயமுறுத்துவான். ஜல்தி போடு, இன்னும் எவ்ளோ கெடக்குது."

'எம்' தட்டினேன். நோட்டில் 'எம்' என்று எழுதினேன். மூன்றாவது பத்தியில் 'சித்தப்பா' என்று எழுதி, ஏனோ அடியில் ஒரு கோடும் போட்டேன்.

அப்புறம் அந்தப் பதில்களை வைத்துக் கெர்னலைச் செய்கிற வேலை, கம்பைல், ஆரம்பித்தது. திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஃபியூஸ் போய்விடும் என்று சித்தப்பா மிக்ஸியைத் தடை செய்திருந்தார். அம்மா அம்மியில் சட்னி அரைத்தாள். "சத்தம் போடாதடி, உங்க சித்தப்பாவுக்கு இடுப்பு வலி கண்டிருக்குது" என்றாள். தறியிலிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றித் தர முள்ளிப்பட்டிலிருந்து வரும் அக்கா அந்த வாரம் முழுக்க வரவில்லை. அம்மாதான் சமையலுக்கு நடுநடுவே போய் ராட்டையில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். அக்காவுக்கு என்ன என்று கேட்டேன். "அவளுக்கு வேற எடத்துல வேலை கெடச்சிடுச்சு" என்றாள் அம்மா. எனக்கு அன்று கெர்னலைத் தவிர வேறு நினைப்பில்லை.

கம்பைல் முடிந்தது. புதிய கெர்னலைப் பழையது இருந்த இடத்தில் வைக்க வேண்டும்.

"பழசு அப்டியே ஓரமா இருக்கட்டும் சித்தப்பா."

"டிஸ்க்ல எடமில்ல. புதுசு வந்தப்புறம் பழசு எதுக்கு?"

அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதினார். இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. இவர் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர். தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் முடிந்தால் அதன் முனையை அறுத்து வீசிவிட்டா புதுப் பாவு ஏற்றுகிறோம்? முனையைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதோடு முடிந்து, எல்லாம் ஒழுங்காக இழுத்து வந்த பிறகுதானே பழசை விடுகிறோம்? எங்கள் தெருவில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் இது தெரியும். டிசைன் போடுகிற இவருக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எழுத்துகள் ஓடி வந்தன, சட்டென்று நின்றன. கடைசி வரியில் 'பேனிக்' என்று இருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே வரி.

மறுநாள் மதியம் பட்டு முதலாளியின் ஆள் வந்து ஒரு முகூர்த்தச் சேலையின் கரை டிசைனை வாங்கிப்போக வேண்டும். அது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா ஆச்சு? யாரு இன்னா பண்ணது?"

சித்தப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும்தாண்ணா இருந்தோம். பதில் எல்லாம் அவதான் தட்டுனா" என்றார்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தால் பொய் என்று சொல்லியிருப்பேன்.

நான் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினேன். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தேன். அப்பா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதாம்ப்பா. ஆனா சித்தப்பா சொல்லி..."

"தட்டுனது யாரு?"

"நான்தான், ஆனா..."

"எழுத்தும் உன்னுது, கையும் உன்னுது. அப்புறம் இன்னாத்துக்கு அவன் பேரை எழுதி வச்சிருக்கற?"

அம்மா கதவோரம் நின்றாள். அப்பா நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "சரி வுடு. பாக்கலாம்" என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பு எதற்கு என்று உள்ளே கொதித்தது. ஆனாலும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என்னை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். நீளமான வரிசை. பையோடு ரஃப் நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். வெயிலில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு விஷயம் பிடிபட்டது. 'எம்' போட்டதெல்லாம் டிஸ்கில் போய் உட்காரும். டிஸ்கைப் படிக்கும் வித்தைக்கே 'எம்' போட்டால் அதுவும் டிஸ்கில்தான் இருக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் டிஸ்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டியிருக்கிறோம்! வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்தச் சாவிக் கதையைச் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகாது. புரிந்துவிட்டால், கம்ப்யூட்டர் குரூப் எடுக்க வேண்டியவள் யார் என்பதும் புரியும்.

மதியம் சர்க்கரைப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் மாங்காய்க் கரையைக் கரகரவென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஃபிளாப்பி கிடந்தது. லினக்ஸ் போட்ட அன்றே இப்படி ஏதாவது நேர்ந்தால் எழுப்புவதற்கென்று செய்து பீரோவில் வைத்திருந்தது. அறையில் வேறு யாருமில்லை. சித்தப்பா என்னைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஒய் போட்டேன். ஓடிருச்சு."

அவ்வளவுதான். அவருக்குத் தெரியும். அன்று மதியமே தெரியும். பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டு கதை சொல்லும்போதும் தெரியும். அந்த ஒரு வாக்கியத்தை அவர் பிறகு எவரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என்னிடம் ஒப்புக்கொண்டுவிட்டார், பெட்டியும் ஓடிவிட்டது, டிசைனும் சரியான நேரத்துக்குப் போய்விடும், இனி யாருக்கு என்ன குறை என்று நினைத்தேன். சாவிக் கதையைச் சொல்ல அப்பா சாப்பிட்டு எழும்வரை காத்திருக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் ஹாம் ரேடியோவை எடுத்ததால் எவ்வளவு இலேசாக ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

உட்காரப் போனேன். என் ஸ்டூலைக் காணோம்.

உள்ளறையில் போய்ப் பார்த்தேன். முள்ளிப்பட்டு அக்கா உட்காரும் இடத்தில், ராட்டைக்கு முன்னால் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கூடை நிறையக் காலித் தார்க்குச்சிகள் இருந்தன. ராட்டையைத் துடைத்து எண்ணெய் விட்டிருந்தார்கள். அடுப்படியிலிருந்து அம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீடு பெருக்கும்போது யாரோ நகர்த்தியிருப்பார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு, நோட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.