குடலிறக்கம் என்று சொன்னார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்திருந்தோம். நாங்கள் குடியிருந்த டாக்குரியாவில் எங்கள் எட்டு மாதப் பையனுக்குத் தடுப்பூசி போட்ட டாக்டர், அவனுடைய இடது விரை கீழே இறங்கவில்லை, ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். ஊசி போட வந்த இடத்தில் கத்தியைத் தீட்டுகிறாரே மனுஷன் என்று எனக்கு எரிச்சல்.

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. சால்ட் லேக்கில் வேறொரு டாக்டரிடம் போய், சோதித்துப் பார்ப்போம் என்று வலது பக்கம்தான் கோளாறு என்று பொய் சொன்னேன். அவர் பரிசோதித்துவிட்டு, "வலது நன்றாகத்தானே இருக்கிறது, இடதுதான் மேலேயே நிற்கிறது" என்றார். இரண்டு பேரும் போனில் பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கருவில் விரைகள் சிறுநீரகத்துக்கு அருகில்தான் உருவாகின்றன. பிறப்பதற்குள் விரைப்பைக்கு இறங்கிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. உடம்புச் சூட்டிலேயே கிடந்தால் பிள்ளை பெறும் திறன் குறையலாம், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன் வெடுக்கென்று.

மனைவி தமிழில் குறுக்கிட்டாள். "உங்களுக்குப் பத்து வயசுல அங்கதானே ஆபரேஷன் ஆச்சு? தழும்புகூட இருக்கே."

"அது குடலிறக்கம், ஹெர்னியா."

"யார் சொன்னா?"

அப்பா சொன்னார் என்றேன். மனைவி அதை டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். டாக்டர் என்னையும் திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். ஒரு விரை சுருங்கியிருக்கிறது, தாமதமாக இறக்கித் தைத்தது போலத் தெரிகிறது, ஊரில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் வெளிய சொல்ற விஷயமாடா? குடலிறக்கம்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க" என்றார் அப்பா. என் உடம்பைப் பற்றி எனக்கே பொய்யா என்று ஆத்திரம் பொங்கியது. போனை வைத்துவிட்டேன்.

பதினோராவது மாதத்தில் பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விடுப்பு முடிந்து ஆபீசுக்குப் போனதும், பிள்ளைக்கு என்ன என்று நான் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பக்கத்து மேஜை வங்காளி அக்கறையாகக் கேட்டார்.

"ஹெர்னியா" என்றேன், யோசிக்காமலே.

அன்று மாலை வெட்கத்தோடு மனைவியிடம் அதை ஒப்புக்கொண்டேன். பையன் பெரியவனானதும் உள்ளதை உள்ளபடி நானே அவனிடம் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். "அவனுக்குக் காட்ட இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள் பையனின் ஆஸ்பத்திரி ஃபைலை என் அலமாரியிலிருந்து எடுத்துத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.