இரும்பில் இரண்டு தட்டு

பல்கலைக்கழக நூலகத்தில் கத்துவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். மேலே வாசிப்புக் கூடத்தில் ஒருவர் தும்மினால்கூட நாலு பேர் முறைப்பார்கள். கீழே, அடித்தளத்தில், இவள் தொண்டை கிழியக் கத்துவாள். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வெண்கலக் குரல் என்று யாரோ ஆரம்பித்தது, நாளடைவில் வெறும் வெங்கலம் ஆகிவிட்டது. நூலகர் அம்மாவே "வெங்கலத்த வரச் சொல்லுங்க" என்றுதான் சொல்லுவார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

கத்தலுக்குக் காரணம் அலமாரிகள். அடித்தளத்தில் இருப்பவை தண்டவாளத்தில் ஓடும் இரும்பு அலமாரிகள். இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். வேண்டிய அலமாரியின் பக்கவாட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் அது நகர்ந்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விடும். ஒரு பக்கம் வழி திறந்தால் மறுபக்கம் வழி மூடும். மூடுகிற பக்கம் எவராவது நின்றிருந்தால் எலும்பு மிஞ்சாது. ஆகவே சக்கரத்தைத் தொடும் முன் "உள்ள யாரு?" என்று கத்த வேண்டும், பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் சுற்ற வேண்டும்.

இதில் கத்துகிற பாதியை வெங்கலம் நன்றாகவே செய்தாள். கேட்கிற பாதிதான் கொஞ்ச காலமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது. முதலில் போன் மணி போயிற்று, பிறகு குக்கர் விசில். பிறகு மனிதர்கள் பேசுவது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பேசுவதுபோல ஆனது. அவள் கெட்டிக்காரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எதிராளியின் உதட்டைப் பார்ப்பாள், ஊர் சிரித்தால் தானும் சிரிப்பாள். செத்தாலும் "என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்க மாட்டாள். அலமாரி வரிசைகளில் கத்திவிட்டு, தன் காதை நம்பாமல், ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுற்றுவாள். அதைப் பார்த்தவர்கள் "என்ன பொறுப்பு!" என்று மெச்சினார்கள்.

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு. தச்சு வேலை பார்த்த கணவனுக்கு முதுகு போன பிறகு, அந்த வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். காது மந்தமானவளுக்கு அடித்தளத்தில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பிறவியிலேயே காது கேட்காத ஒருத்தியை அனுப்பினார்கள். எல்லாவிதமான மாணவர்களும் உள்ளே வர வேண்டுமானால் எல்லாவிதமான ஆட்களும் இங்கே வேலை பார்க்க வேண்டும் என்று நூலகர் அம்மா மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய நியமனம். வந்தவள் நாற்பதை நெருங்கியவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதற்குமுன் அச்சகத்தில் புத்தகம் கட்டியவள் என்பதால் பைண்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வெங்கலம் தையத்தக்கா என்று குதித்தாள். "கத்திக் கூப்புடுற எடத்துல காது கேக்காதவளக் கொண்டாந்து விட்டா எப்படிம்மா? யோசிச்சுத்தான் செய்றீங்களா?" என்று நூலகர் அம்மாவிடமே கேட்டாள். இனி இந்த இடத்தில் எல்லோரும் காதைப் பற்றியே பேசுவார்களே என்ற கலக்கம்தான் அவளை அப்படிக் கேட்க வைத்தது.

பைண்டரே ஒரு வழி சொன்னாள். சக்கரத்தைத் தொடும் முன் விளக்கை அணைத்துப் போட வேண்டும். உள்ளே தான் இருந்தால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவாள். விளக்கு மினுங்கினால் எல்லா மூலையிலிருந்தும் தெரிகிறதா என்று அவளை ஒரு வாரம் போட்டுச் சோதித்தார்கள். வெங்கலத்தை யாரும் சோதிக்கவில்லை. காது கேட்கிறவளை எதற்குச் சோதிப்பது?

பைண்டர் வந்ததும் ஒரு மாற்றம் நடந்தது. காது கேட்காத மாணவர்கள் அதுவரை புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இப்போது புத்தகம் கொடுக்கும் அடித்தள ஜன்னலருகே உட்கார ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க அரட்டை அடித்தும் நூலகத்தில் திட்டு வாங்காத ஒரே கூட்டம். "வாயிருக்கிற நாங்க கம்முனு கெடக்குறோம், இதுங்க பேச்சு ஓயுதா பாரு" என்று வெங்கலம் கேலி செய்வாள். பார்த்துப் பார்த்து அவளுக்கே சில கையசைவுகள் பழகிவிட்டன: மேலே, கீழே, தனியாக, டீ, முடிந்தது.

விபத்து தேர்வுக் காலத்தில் நடந்தது. ஜன்னலில் மாணவர் கூட்டம் நெருக்கியது. வெங்கலம் கத்தினாள், விளக்கை அணைத்துப் போட்டாள். எட்டிப் பார்க்க நேரமில்லை. ஒன்றும் கேட்கவில்லை. சுற்றினாள்.

சக்கரம் பாதியில் நின்றது. துரு என்று நினைத்து இன்னும் அழுத்தினாள். அப்போதுதான் உள்ளங்கையில் அது வந்தது. டப் டப் என்று இரும்புக்குள்ளிருந்து ஓர் அதிர்வு, நிற்காமல், வெறி பிடித்ததுபோல. காது சொல்லாததைக் கை சொல்லிவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சக்கரத்தைத் திருப்பிச் சுற்றி, "ஐயோ, ஐயோ" என்று உள்ளே ஓடினாள்.

புத்தக வண்டி குறுக்கே சிக்கியதால் பைண்டர் பிழைத்தாள். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. வலது கை முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் வெங்கலத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். உதட்டைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு, இன்னொருத்தி உதட்டைப் பார்ப்பது எப்போதோ பிடிபட்டிருக்கும். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, வியப்பு இல்லை.

சாயங்காலம் வீட்டில் வெங்கலம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் நாற்காலியைத் திருப்பி, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசினான். அவனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"நாளைக்கு விசாரணையில கேட்டா, கேக்கலன்னு சொல்லு. அதுல பொய் என்ன இருக்கு?"

"அவ தட்டினா. என் கையில பட்டுச்சு."

"கையில பட்டத யாரும் கேக்கப் போறதில்ல." அவன் குரல் உடைந்திருக்க வேண்டும், உதடு கோணியது. "நம்ம நெலமையப் பாரு. நான் இப்படிக் கெடக்குறேன்."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை நூலகர் அம்மாவின் அறையில் நிர்வாக அதிகாரி உட்கார்ந்திருந்தார். இந்த நியமனமே வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லி வந்தவர். மாவுக்கட்டோடு பைண்டர். பக்கத்தில் அவளுக்காகச் சைகையை மொழிபெயர்க்க வந்த கணிதத் துறை மாணவி.

பைண்டரின் வலது கை பேசியது. மாணவி சொன்னாள்: "வெளக்கு மினுங்கினதும் ரெண்டு தட்டு தட்டினாங்களாம். அலமாரி நகந்ததும் நிறுத்தாம தட்டினாங்களாம்."

அதிகாரி பேனாவை உருட்டினார். "தட்டினேன்னு சொல்றாங்க. சரி. சத்தம் வந்துச்சான்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாணவியின் கைகள் அப்படியே நின்றன. இதை எப்படிச் சொல்வது என்று தவித்தாள். பைண்டர் அவள் தோளைத் தட்டி, சொல் என்று ஜாடை காட்டினாள். மாணவி சொன்னாள். பைண்டர் தோல் உரிந்த முட்டிகளை மேசைமேல் வைத்தாள்.

"மாட்டிக்கிட்டப்போ உரசியிருக்கும்" என்றார் அதிகாரி. "காது கேக்கிறவங்க ஒருத்தர் அங்க நின்னாங்க இல்ல? அவங்களையே கேப்போம். உங்களுக்குத் தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

எல்லோரும் வெங்கலத்தைப் பார்த்தார்கள். பைண்டரும் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் தன் காதைத் தொட்டு, வெங்கலத்தைச் சுட்டி, ஒரே அசைவில் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். அவள் கை முட்டி மேசையிலேயே இருந்தது. ஊரைக் கூட்டும் குரலை வெங்கலம் முணுமுணுப்பாகத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேக்கல சார்."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார். வெங்கலத்துக்கு அவருடைய முதுகும் பிடரியும்தான் தெரிந்தன. நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என்ன தீர்ப்பு? கேட்கவும் முடியாது, என்ன சொன்னார் என்று கேட்கவும் வாய் வராது. தன் வாய்மொழியை வைத்து எழுதப்பட்ட தீர்ப்பு தனக்கே தெரியாமல் அவள் மரம்போல நின்றாள்.

மாணவி அதைப் பைண்டருக்குச் சொல்லத் தொடங்கினாள். வெங்கலம் அந்தக் கைகளைப் பார்த்தாள். மேலே. தனியாக. பிறகு ஜன்னலருகே உட்காரும் மாணவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த அசைவு. அதன்பின், முடிந்தது.

பைண்டரை மேலே தனியாக உட்காரவைக்கப் போகிறார்கள், ஜன்னலருகே கூடுவது இத்தோடு முடிந்தது. இத்தனை நாள் கேலி செய்த கைப்பேச்சுதான் அவளுக்கு அதைச் சொன்னது. எவனோ ஒருவன் அவள் குரலை வாங்கி இன்னொருத்தியின் தலையில் போட்டதுபோல இருந்தது. போடக் கொடுத்தவள் அவள்தான்.

"சார்!" அந்தச் சத்தத்தில் அதிகாரி நாற்காலியோடு ஆடிப்போனார். "கேக்கலன்னுதான் சொன்னேன். சத்தம் வரலன்னு சொல்லல. கீழ வாங்க, எல்லாரும் வாங்க."

அடித்தளத்தில் அவர்களைச் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினாள். பைண்டரிடம் கையைக் காட்டினாள். அவள் புரிந்துகொண்டு தானே உள்ளே போனாள். உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நேற்று நின்ற அதே சந்தில். வெங்கலம் சக்கரத்தைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அவர்கள் முகங்களை மட்டும் பார்த்தபடி, தலையால் ஜாடை செய்தாள். மாணவி விளக்கை அணைத்துப் போட்டாள்.

அதிகாரியின் தலை வெடுக்கென்று உள்பக்கம் திரும்பியது. நூலகர் அம்மாவின் தலையும் திரும்பியது. மாணவியும் திரும்பிப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டாள். வெங்கலம் அசையவில்லை.

"தட்டிட்டாளா?" என்று கேட்டாள்.

நூலகர் அம்மாவின் வாய் பாதி திறந்திருந்தது.

"உங்க மூணு பேரு தலையும் திரும்புச்சு. என் தலை திரும்பல. அவ ஒழுங்காத்தான் தட்டினா சார். எட்டியும் பாக்காம சுத்தினது நான். என்னை என்ன செய்யணுமோ செய்யுங்க. அவள மேல அனுப்பாதீங்க."

சொல்லி முடித்ததும் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் ஞாபகம் வந்தது. கண் நிறைந்து, எதிரே நின்றவர்கள் கலங்கலாகத் தெரிந்தார்கள்.

அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். அவளுக்கு எட்டவில்லை. பழக்க தோஷத்தில் தலையை ஆட்டப் போனாள். உள்ளிருந்து வெளியே வந்திருந்த பைண்டர் அவள் தோளைத் தொட்டாள், அதிகாரியின் வாயைச் சுட்டிக் காட்டினாள், உன்னைத்தான் கேட்கிறார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

வெங்கலம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், கேக்கல. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."