முதுகில் இருந்த கை

இதை நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. போன அக்டோபர், இரண்டாவது சனிக்கிழமை. நேரமெல்லாம் என் சைக்கிளில் மாட்டியிருந்த கருவியில் பதிவாகியிருக்கிறது. சாங்டோ அண்ணனை மலையில் தவிக்க விட்டு ஓடி வந்தவன் என்று எங்கள் சைக்கிள் குழுவில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும். அன்று என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆறு பேர் கிளம்பினோம். சியோலின் கிழக்கு எல்லையிலிருந்து கடற்கரை நகரமான சொக்சோவுக்கு, ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர். காலை 4.40க்குப் புறப்பாடு. முன்னால் எங்கள் தலைவர் கிசொல். கடைசியில் சாங்டோ அண்ணன். பின்தங்குகிறவனைக் கரை சேர்ப்பது கடைசி ஆளின் பொறுப்பு. பின்தங்குகிறவன் வேறு யார், நான்தான்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏற்றத்தில் ஒருவனுக்குக் கால் ஓய்ந்துபோனால், தெம்புள்ளவர் பக்கத்தில் வந்து அவன் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட்டுவார். அப்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. ஹேண்டில் ஆடினால் இரண்டு பேரும் விழ வேண்டியதுதான்.

மதியம் வழியில் இஞ்ஜே என்ற ஊரில் குளிர்ந்த நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் காலி செய்தேன். அண்ணன் என் வயிற்றையே பார்த்தார்.

“யுன்சிக், அந்தத் தொப்பையையும் நான்தான்டா தள்ளணும். கொஞ்சம் இரக்கம் காட்டு.”

“நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதாண்ணே திங்கிறேன்.”

மிஷிர்யோங் கணவாயின் பழைய சாலையில் மாலை 4.38க்கு ஏற ஆரம்பித்தோம். கீழே சுரங்கப்பாதை வந்த பிறகு அந்தப் பக்கம் கார்கள் அதிகம் வருவதில்லை. மற்ற நால்வரும் வளைவுகளில் மறைந்துபோனார்கள். எனக்குப் பின்னால் அண்ணன் மட்டும். பாதி ஏற்றத்தில் மூடுபனி இறங்கியது. 5.11க்குப் பின்னால் ஏதோ டங்கென்றது. மேலிருந்து கல் உருண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5.12. கால் செத்துவிட்டது.

“அண்ணே… முடியல.”

பதில் இல்லை. ஆனால் முதுகில் கை வந்தது. அப்பாடா என்றிருந்தது. நன்றியில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

5.17. ஒன்று உறுத்தியது. ஏற்றத்தில் அண்ணனுக்கு மூச்சு பயங்கரமாக வாங்கும். ரயில் இன்ஜின் வருது என்று கேலி செய்வோம். இப்போது மூச்சுச் சத்தமே இல்லை. சக்கரச் சத்தமும் ஒன்றுதான் கேட்டது. அது என்னுடையது.

5.19. கை வலது பக்கத்திலிருந்து நீண்டிருந்தது. வலது பக்கம் ஒரு சாண் தள்ளி இரும்புத் தடுப்பு. அதற்கப்பால் பள்ளம். அங்கே சைக்கிள் ஓட்ட இடமே கிடையாது.

“அண்ணே, போதும். நானே மிதிக்கிறேன்.”

கை எடுக்கப்படவில்லை.

5.21. சைக்கிள் சட்டைக்கு முதுகுப் பக்கம்தான் பை; அதில் போன் அதிர்ந்தது. ட்ர்ர்ர்… ட்ர்ர்ர்… எடுக்கப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். போனின் மேல் அந்த உள்ளங்கை அழுந்தியிருந்தது. என் விரல் அதில் பட்டது. ஈரம். பச்சை மீனைத் தொட்ட மாதிரி.

விரலை இழுத்துக்கொண்டேன்.

5.29. உச்சி. பனிக்குள் கிசொலின் குரல்.

“டேய் யுன்சிக்! எங்கடா போறே? போட்டோ எடுக்கணும், நில்லு!”

இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். சக்கரம் கிறீச்சிட்டது. நிற்கவில்லை.

“பிடிங்க… என்னைப் பிடிங்க!”

அவர்கள் சிரித்தார்கள்.

இறக்கத்திலும் தள்ளியது.

ட்ர்ர்ர்… 5.33.

ட்ர்ர்ர்… 5.36.

பிரேக் கருகி நாறியது. அழுதேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

ட்ர்ர்ர்…

5.44. நகரத்தின் முதல் சிக்னல். முதுகு லேசானது. சைக்கிளோடு சரிந்தேன். பின்னால் சாலை காலியாக இருந்தது.

போனை எடுத்தேன். எடுக்காத அழைப்புகள் ஏழு.

ஏழும் சாங்டோ அண்ணன்.

கிசொல் வந்து இறங்கினார். “அண்ணன் எங்கடா?”

“என்னைத் தள்ளிட்டு வந்தது யாரு?”

“யாரு தள்ளினா? நீ தனியாத்தானே போனே?”

மீட்புப் படை 6.50க்கு அண்ணனைக் கண்டுபிடித்தது. தடுப்புக்கு அப்பால், சரிவில். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஐந்து மாதம் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. ஏழு முறை கூப்பிட்டவர் முகத்தில் எப்படி விழிப்பது? மார்ச்சில் ஒருவழியாக மருத்துவமனைக்குப் போனேன்.

“மன்னிச்சிடுங்கண்ணே. உதவிக்கு நீங்க கூப்பிட்டப்போ…”

“உதவிக்குக் கூப்பிடலடா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல என் முதுகுலதான் கை வச்சுது. நான் கடைசி ஆளு. எனக்குப் பின்னாடி யாரு இருக்க முடியும்? திரும்பிப் பாத்துட்டேன். தூக்கி எறிஞ்சுடுச்சு. அப்புறம் அது உன் பின்னாடி போச்சு. திரும்பிடாதேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“என்னண்ணே பாத்தீங்க?”

அவர் முதுகைச் சுவரோடு இன்னும் அழுத்திக்கொண்டார். இதுவரைக்கும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது நர்ஸிடம், அறை நடுவே கிடக்க வேண்டிய கட்டிலை ஏன் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். முதுகு சுவரில் படாவிட்டால் அவர் தூங்குவதில்லையாம். ஒரே ஒரு இரவு கட்டிலை நகர்த்தினார்களாம். காலையில் அவர் கட்டிலோடு கதவருகே இருந்தாராம்.

கட்டிலின் சக்கரங்களைப் பூட்டியிருந்தோம் என்றாள் அவள்.