நூறு சதவீதம் இறங்கிய கடிதம்

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பாதி அந்த இணையதளத்தின் மேல். மீதி, வழுக்கை விழுந்தும் புத்தி வராத என் மேல்.

மனைவி பள்ளி ஆசிரியை. ஒன்பது வருடமாகச் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போய்வருகிறாள். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் ஓர் இடம் காலியானது. கடலூரில் இடமாறுதல் கலந்தாய்வு. அழைப்புக் கடிதத்தை அச்செடுத்து வராதவர்களை உள்ளே விடமாட்டார்களாம்.

முந்தின நாள் அவள் கல்வித் துறைத் தளத்தில் லாகின் செய்து கடிதத்தைக் கேட்டால், வட்டம் சுற்றுகிறது. சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாள், அப்போதும் சுற்றுகிறது.

"நகரு" என்றேன். எனக்குத்தான் கர்ல் தெரியுமே! கருப்புத் திரையில் ஒரு வரி அடித்தால், பிரவுசர் இல்லாமலே கோப்பை இழுத்துவரும் கருவி. கடிதத்தின் இணைய முகவரியை ஒட்டி, வரும் கோப்புக்கு நானே பிடிஎஃப் என்று பெயரும் சூட்டித் தட்டினேன். நொடியில் நூறு சதவீதம்.

"தொறந்து பாத்தீங்களா?"

"நூறு காட்டுது பாரு. அப்புறம் என்னத்த தொறக்குறது?"

பிரிண்டர் இல்லாத வீடு. எதையும் கடையில் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினோம்.

கடலூரில் ஜெராக்ஸ் கடை அம்மாள் கோப்பைக் குடைந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது பிடிஎஃப்பே இல்ல. 'மீண்டும் லாகின் செய்யவும்'னு இருக்குது. இதையா உள்ள குடுக்கப் போறீங்க?"

அவள் லாகின் செய்தது பிரவுசரில். அந்த அனுமதியை நான் கர்லுக்குக் கொடுக்கவே இல்லை. தளமாவது 'உனக்கு அனுமதி இல்லை' என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் லாகின் பக்கத்தை நீட்டியது. கர்ல் அதை நான் வைத்த பெயரிலேயே சேமித்தது. நூறு சதவீதம் இறங்கியது அதுதான்.

மனைவி தன் போனில் மறுபடி தளத்துக்குள் நுழைந்தாள். ஓடிபி வந்தது. வட்டம் சுற்றியது. கடிதம் அச்சாகி நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்; சிதம்பரத்து இடத்தை அடுத்தவர் எடுத்திருந்தார்.

"கூப்ட்டப்ப எங்கம்மா போனீங்க?" என்றார் அதிகாரி. அவள் என்னைப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சிதம்பரம் நெருங்கும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நூறாம் நூறு."

இன்றும் காலையில் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸுக்கு அவளை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். இறங்கியதும் டிபன் பையைத் திறந்து, டப்பா, தண்ணீர், கண்ணாடி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பையைக் கட்டிக் கொடுப்பது நான்.